எது கறை, எது அவர்?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "இருபது நிமிஷம் ஏதாவது டெக்னிக்கலாகப் பேசு" என்றார். நான் பம்பு டிசைனில் இருப்பவன். இம்பெல்லரைப் பற்றி இருபது நிமிஷம் பேசினால் இந்த அரங்கில் நானும் மைக்கும்தான் மிஞ்சுவோம். ஆகவே எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் புகைப்படத் திருத்தக் கருவிகள். அதில் நான் முழுக் கற்றுக்குட்டி. பன்னிரண்டு நாளில் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். ஏன் பன்னிரண்டு நாள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் ஒர்க்ஷாப் அண்ணாச்சியை 2016க்கு முன் இங்கே படித்த எல்லோருக்கும் தெரியும். காக்கிச் சட்டை, பையில் ஆறு அங்குல ஸ்டீல் ரூல், காதில் பென்சில். முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் வி-கட்டு எடுக்கும்போது அவசரப்பட்டு அரத்தை ஓட்டுகிறவனின் பின்னால் வந்து நிற்பார். "மெதுவா, தம்பி. எடுத்த இரும்ப திரும்ப ஒட்ட முடியாதுல்லா" என்பார். அவ்வளவுதான் திட்டு. 2024 ஆடி மாதம் அவர் காலமானார். நாலாம் நாள் அவருடைய மகள் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அப்பா படம் ஒண்ணு மாட்டணும். ஒங்க குரூப் போட்டோல அப்பா நிக்காவல்லா, அதுல இருந்து எடுக்க முடியுமா?"

வேறு படமே இல்லையா என்று கேட்டேன். அவர்கள் வீடு ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்து போனபோது பீரோவின் அடித்தட்டில் இருந்த ஆல்பங்கள் மொத்தமும் ஊறிப் போய்விட்டன. கல்யாண ஆல்பம், அதனுடன் வைத்திருந்த சி.டி., எல்லாம். போனில் படங்கள் உண்டு. ஆனால் கடைசி மூன்று வருஷம் அண்ணாச்சி பக்கவாதத்தில் படுத்திருந்தார். "போன்ல இருக்கது எல்லாம் அந்த மொகம்ண்ணே. அம்மா அத மாட்ட வேண்டாம்னு சொல்லுதாவ." ஆதார் அட்டைப் படத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் யாரும் நம் ஆதார் படத்தை நாம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

ஆக, மிச்சம் இருந்தது 2010ல் இறுதியாண்டில் ஒர்க்ஷாப் படிக்கட்டில் எடுத்த குரூப் போட்டோ. அறுபது பேர், நாலு வரிசை. கடைசி வரிசையில் அண்ணாச்சி. அவருக்கு முன் வரிசையில் அவருடைய வலது தோளை மறைத்துக்கொண்டு ஒரு தலை. அந்தத் தலை என்னுடையது.

முதல் தப்பை அன்று இரவே செய்தேன். எங்கள் செட் வாட்ஸ்அப் குழுவில் யாரோ எப்போதோ போட்ட அந்தப் படத்தை இறக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகப் பழுப்புக் கட்டம். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் உடனே புரிகிறது. அசல் அச்சு 15 அங்குல அகலம். எனக்கு வந்த கோப்பு 1600 புள்ளி அகலம். அதாவது அங்குலத்துக்கு 107 புள்ளி. அச்சில் ஒரு முகம் 8 மில்லிமீட்டர். எனவே அண்ணாச்சியின் முகத்துக்குக் கிடைத்தது மொத்தமே 34 புள்ளி. இந்நாள் மாணவர்களுக்கு ஒரு விஷயம்: வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் சுருங்கித்தான் போகும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் அப்படியே போகும். 2023ல் எச்.டி. வசதி வந்தது. அதுவும் பரவாயில்லை. ஆனால் டாக்குமெண்ட்டே உத்தமம்.

பாளையங்கோட்டை வீட்டுச் சுவரில் தொங்கிய என் சொந்தப் பிரதியைக் கழற்றினேன். அதுவும் அதே மழையில் ஓதம் ஏறி, ஓரமெல்லாம் மஞ்சளித்து, அங்கங்கே பூஞ்சைப் புள்ளி விழுந்திருந்தது. பரவாயில்லை என்று 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தேன். இப்போது முகம் 190 புள்ளி. ஆசைப்பட்டு 1200ல் ஸ்கேன் செய்தேன். கூடுதலாகக் கிடைத்தது அண்ணாச்சி இல்லை, காகிதத்தின் சொரசொரப்புதான். அச்சில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வரும். ஸ்கேனரைக் குறை சொல்லி என்ன பயன்?

இனிமேல்தான் கருவிகள். நான் சோம்பேறி. ஆகவே முதலில் பொத்தான் ஒன்றை அமுக்கினால் போதும் என்று சொல்கிற தளங்களுக்குத்தான் போனேன். பின்னணியை நீக்கும் தளம் ஒன்று ஐந்து நொடியில் அண்ணாச்சியைத் தனியாக வெட்டிக் கொடுத்தது. கூடவே அவருடைய இடது காதையும் வெட்டிவிட்டு, என் தலைமுடியை அவருடைய தோளாக எடுத்துக்கொண்டது. இன்னொரு தளத்தில் ஆயத்த அஞ்சலி வடிவங்கள் வரிசையாக இருந்தன. குத்துவிளக்கு, மல்லிகை, மேகத்தின் நடுவே சூரிய ஒளி. அண்ணாச்சி மேகத்தில் உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

மூன்றாவதாக ஒரு செயற்கை நுண்ணறிவுத் தளம். பழைய மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தரும். முதல் சில படங்கள் இலவசம். ஏற்றினேன். பத்து நொடி. வந்த படத்தைப் பார்த்து, உண்மையைச் சொல்கிறேன், எழுந்து நின்றுவிட்டேன். கண்ணில் ஒளி, மீசையில் ஒவ்வொரு முடி, தோலில் துவாரம் வரை. ராத்திரி பதினொரு மணி என்றும் பார்க்காமல் மகளுக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

காலையில் போன் வந்தது. நன்றி எல்லாம் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதிங்கண்ணே. அம்மாட்ட காட்டினேன். 'ஏட்டி, இது யாரு? ஒங்க அப்பா சாடைல இருக்காவ' ன்னு கேக்காவ" என்றார்.

மறுபடியும் படத்தைப் பார்த்தேன். அந்த அம்மாள் சொன்னது சரி. அண்ணாச்சி சாடையில் ஒருவர். இடது புருவத்துக்கு மேலே அவருக்கு ஒரு தழும்பு உண்டு. அதைக் காணோம். இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருந்தன. அவருக்கு ஒரு கண் கொஞ்சம் இடுங்கியிருக்கும், வருஷக்கணக்கில் ஜாப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடைவெளி பார்த்த கண். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல கறுப்பு மனிதரை மாநிறமாக்கி வைத்திருந்தது. நம் ஊர் ஃபிளக்ஸ் போர்டுக்காரர்கள் இறந்தவர், தலைவர், பூப்பெய்திய பெண் என்ற பேதமில்லாமல் எல்லோரையும் வெளுப்பாக்குவார்களே, அந்த வேலையை இந்த மெஷினும் கற்றுக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். இந்த வகைக் கருவிகள் மங்கலான முகத்துக்குள் ஒளிந்திருக்கும் தெளிவான முகத்தைக் கண்டுபிடிப்பதில்லை. அப்படி ஒன்று உள்ளே இல்லவே இல்லை. ஆயிரக்கணக்கான தெளிவான முகங்களைப் பார்த்துப் பழகி, இந்த மங்கலுக்கு எந்த மாதிரி முகம் பொருந்தும் என்று புதிதாக ஒன்றை வரைகின்றன. இத்துறையில் பலரும் பயன்படுத்தும் ஒரு தொகுப்பு, இணையத்தின் ஒரு புகைப்படத் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்கள் கொண்டது. அதில் எத்தனை முகம் ஃபவுண்ட்ரியில் நின்ற முகம் என்று நீங்களே ஊகிக்கலாம். 2020ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த இப்படிப்பட்ட ஒரு கருவியிடம் ஒபாமாவின் மிகச் சிறிய படத்தைக் கொடுத்தார்கள். அது ஒரு வெள்ளைக்காரரைத் தந்தது. உலகமே பேசியது. ஒபாமாவுக்கே அந்தக் கதி என்றால் அண்ணாச்சி எம்மாத்திரம்?

நமக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். பேராசிரியர்கள் காதைப் பொத்திக்கொள்ளவும். ஹைட்ராலிக்ஸ் லேபில் வெஞ்சுரி மீட்டர் பரிசோதனையில் நாலு ரீடிங் எடுத்துவிட்டு, மீதி ஆறை ஹாஸ்டலில் உட்கார்ந்து விடையிலிருந்து பின்னோக்கிச் 'சமைத்து' எழுதுவோமே, அதேதான் இது. நாம் சமைத்த ரீடிங் எப்போதும் நேர்கோட்டில் அழகாக விழும். உண்மையாக எடுத்தது மேலும் கீழுமாக இருக்கும். எங்கள் லேப் சார் கிராஃபைப் பார்த்ததும் சிரிப்பார். "ரொம்ப நல்லா வந்திருக்கே" என்பார். அந்தப் படமும் ரொம்ப நன்றாகத்தான் வந்திருந்தது.

இந்த நிலையில் ஆறு நாள் போய்விட்டது. ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அவர்களும் பெரும்பாலும் இதே மாதிரிப் பொத்தானைத்தான் அமுக்குவார்கள் என்று ஒரு சந்தேகம். சரி, கையாலேயே செய்து பார்ப்போம் என்று ஃபோட்டோபீ என்ற தளத்தைத் திறந்தேன்.

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவான் குட்ஸ்கிர் என்ற ஒரு மனிதர் 2013ல் வெளியிட்டது. பார்க்கவும் பழகவும் ஃபோட்டோஷாப் போலவே இருக்கும். ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்புகளையும் திறக்கும். காசு கிடையாது. ஓரத்தில் விளம்பரம் ஓடும். எனக்கு மிகவும் பிடித்தது, உங்கள் படம் எங்கேயும் போவதில்லை. வேலை எல்லாம் உங்கள் ப்ரௌசருக்குள்ளேயே நடக்கிறது. நம்பிக்கை இல்லாமல், தளம் திறந்த பிறகு இணைப்பைத் துண்டித்துப் பார்த்தேன். தூரிகை ஓடிக்கொண்டுதான் இருந்தது. இலவசம் என்று முகத்தைக் கேட்கிற தளங்களில் இதை முதலில் கவனியுங்கள். படம் அவர்களுடைய சர்வருக்குப் போகிறதா, இல்லையா? நான் அண்ணாச்சி முகத்தை அந்த இன்னொரு தளத்தில் ஏற்றியபோது இதை யோசிக்கவே இல்லை. அது என் முகமும் இல்லை.

முதல் நாள் முழுக்கப் போராட்டம். தூரிகையை எடுத்துத் தீட்டுகிறேன், எதுவும் விழவில்லை. மவுஸை மாற்றினேன், ப்ரௌசரை மாற்றினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, படத்தின் ஒரு மூலையில் கடுகளவு இடத்தை எப்போதோ தேர்வு செய்துவிட்டு அதை விடுவிக்கவில்லை. அந்தக் கடுகுக்குள் மட்டும்தான் தூரிகை வேலை செய்யும். கன்ட்ரோல்-டி அமுக்கினால் விடுதலை. புதிதாக வருகிற எல்லோரும் இதில் ஒருமுறை விழுவார்கள் என்று நினைக்கிறேன்.

லேயர் என்பது எனக்குச் சுலபமாகப் புரிந்தது. டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு நின்றவர்களுக்கும் ஆட்டோகேட் தெரிந்தவர்களுக்கும் சொல்லவே வேண்டாம். அசலின் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்து அதில் வரைவது. பிடிக்கவில்லையா, பேப்பரைக் கிழித்துப் போடு, அசல் அடியில் பத்திரமாக இருக்கும். ஆனால் நான் முதல் இரண்டு நாள் சோம்பலில் அசல் மேலேயே வேலை பார்த்தேன். அதோடு ஒவ்வொரு தடவையும் ஜே.பி.ஜி.யாகச் சேமித்து, மறுநாள் அதையே திறந்து, மறுபடி சேமித்தேன். ஜே.பி.ஜி. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டமாகப் பிரித்து, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுணுக்கத்தைத் தள்ளிவிட்டுச் சேமிக்கிற முறை. மாற்றி மாற்றிச் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் போகும். நாலாவது தடவை கன்னத்தின் ஓரத்தில் கட்டம் தெரிந்தது. எனக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பது போல் இருந்தது. எடுத்த இரும்பு. ஸ்கேன் கோப்பிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை பி.எஸ்.டி.யாகச் சேமித்தேன்.

நிறம்தான் முதல் வேலை. 'லெவல்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. மலை மாதிரி ஒரு வரைபடம் காட்டும். சுத்தக் கறுப்பு 0, சுத்த வெளுப்பு 255. என் ஸ்கேனில் மலை 38ல் ஆரம்பித்து 214ல் முடிந்துவிட்டது. அதனால்தான் படம் புகை படிந்த மாதிரி இருந்தது. இரண்டு முனையையும் உள்ளே இழுத்தேன், புகை விலகியது. மஞ்சளுக்கு, மூன்று நிறத்தையும் தனித்தனியாகத் திறந்து நீலத்தைச் சரிசெய்ய வேண்டும். மஞ்சள் ஏறியது என்றால் நீலம் குறைந்தது என்றுதான் அர்த்தம். எவ்வளவு ஏற்றுவது என்பதற்குக் கண்ணை நம்பினால் ஆபத்து. ஃபிளக்ஸ்காரர் ஆகிவிடுவோம். நல்லவேளை, அன்று எங்கள் செட் முழுக்க வெள்ளைச் சட்டை. பக்கத்தில் நின்றவனின் சட்டையை வெள்ளையாக்கினேன். அண்ணாச்சி தானாகத் தன் நிறத்துக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்தது கறை. 'ஹீலிங்' தூரிகையை ஒரு புள்ளியின் மேல் வைத்தால், சுற்றியிருக்கும் தோலைப் பார்த்து அந்தப் புள்ளியை மூடிவிடும். மிகவும் போதை தரும் கருவி. ஒன்று, இரண்டு, மூன்று என்று மூடிக்கொண்டே போனேன். புருவத்துக்கு மேலே ஒரு புள்ளியில் கை போனது. அமுக்கியும் விட்டேன். ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது, அது அந்தத் தழும்பு. மெஷின் செய்த தப்பைக் கண்டித்துவிட்டு நானும் அதையே செய்கிறேன். கன்ட்ரோல்-இசட்.

அதன் பிறகு தைரியம் வரவில்லை. நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால் கறையும் ஒன்றுதான், மச்சமும் ஒன்றுதான். எனக்கு நாலு வருஷம் அவரைத் தெரியும், ஆனால் அவருடைய முகத்தை நான் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. கம்பெனியில் வார்ப்பு வந்தால் குறைகளைச் சுற்றி வட்டம் போட்டு எண் கொடுத்து இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதுவோம். அதே மாதிரி செய்தேன். முகத்தில் சந்தேகமான பதினாலு இடத்தை வட்டமிட்டு, எண் போட்டு, மகளுக்கு அனுப்பினேன், டாக்குமெண்ட்டாக. "அம்மாட்ட கேட்டு, எது அப்பா மொகத்துல உள்ளது, எது கறைன்னு சொல்லும்மா."

அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் பதில் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வந்தது. மகள் வாசிக்க நான் எழுதிக்கொண்டேன். ஒன்று முதல் நாலு, கறை. ஐந்து, புருவத் தழும்பு. "அது அலுமினியம் தெறிச்சதுண்ணே. ஷாப்புல ஒரு பையன் ஈர அச்சுல ஊத்தப் போனானாம். அவன இழுத்துவிடப் போயி அப்பா மேல தெறிச்சுட்டாம். நான் பொறக்க முன்ன." ஈர அச்சில் உருகிய உலோகம் ஊற்றினால் தண்ணீர் நீராவியாகிக் குண்டு மாதிரி வெடிக்கும். ஃபவுண்ட்ரி வகுப்பில் எங்களுக்கும் அவர்தான் அதைச் சொன்னார். தன் புருவத்தைத் தொட்டுக்கூடக் காட்டவில்லை. அந்தப் பையன் இன்றைக்கு இந்த அரங்கில் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

ஆறு முதல் பத்து, கறை. பதினொன்று, மூக்கோரத்து மச்சம். பன்னிரண்டும் பதிமூன்றும் கறை. பதினாலாவது, தாடைக்குக் கீழே. அம்மாள் வெகு நேரம் யோசித்து, "ஞாவகம் இல்லயே" என்று சொல்லி அழுதுவிட்டாராம். அதை நான் தொடவில்லை. அது இப்போதும் படத்தில் இருக்கிறது.

மறைந்த தோளுக்கு என்ன செய்வது? இடது தோளைப் பிரதி எடுத்து, கண்ணாடி மாதிரித் திருப்பி வலது பக்கம் ஒட்டலாம் என்று ஒரு பாடத்தில் சொன்னார்கள். செய்தேன். சட்டைப் பையும் ஸ்டீல் ரூலும் சேர்ந்து திரும்பி, அண்ணாச்சிக்கு இரண்டு பக்கமும் பை, இரண்டு ரூல். பையை அழித்தால் காக்கியின் மடிப்பு எல்லாம் பொய்யாகத் தெரிந்தது. கடைசியில் மகளிடமே கேட்டேன். பின்னாலிருந்து அம்மாளின் குரல் கேட்டது. "பசங்க கூட நிக்க மாரியே இருக்கட்டும்." ஆகவே என் பின்னந்தலை முடி உட்பட, இரண்டு பக்கத்துப் பையன்களின் தோளும் அப்படியே இருக்கின்றன.

அச்சுக்கும் ஒரு கணக்கு உண்டு. அவர்கள் கேட்டது 12க்கு 15 அங்குலம், கூடத்தில் மாட்டுகிற சைஸ். நம்மிடம் இருப்பது முகத்துக்கு 190 புள்ளி. அவ்வளவு பெரிதாகப் போட்டால் முகம் மூன்று அங்குலத்துக்கு மேல் வரும், அங்குலத்துக்கு அறுபத்து மூன்று புள்ளிதான் தேறும். ஐந்துக்கு ஏழு என்றால் அசலைப்போல நாலு மடங்கு, முகம் 32 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 150 புள்ளி. கூடத்தில் நின்று பார்க்க அது போதும். பெரிய சட்டத்துக்குள் நாலு பக்கமும் அகலமான வெள்ளை அட்டை வைத்து, நடுவில் ஐந்துக்கு ஏழு படம். முதல் அச்சு கம்ப்யூட்டர் திரையில் பார்த்ததைவிட இருட்டாக வந்தது. இது எல்லோருக்கும் வரும், திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, காகிதத்துக்குப் பின்னால் இல்லை. கொஞ்சம் வெளிச்சம் கூட்டி இரண்டாவது அச்சு போட்டு, பதினைந்தாம் நாள் மாலை பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன்.

பதினாறாம் நாள் நான் போக முடியவில்லை. கம்பெனியில் டெஸ்டிங். மத்தியானம் மகள் மாலை போட்ட படத்தைப் போனில் எடுத்து அனுப்பியிருந்தார். வாட்ஸ்அப்பில், படமாக. மறுபடி அதே 1600 புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியில் டியூப்லைட் பளிச்சென்று அடித்தது, கதம்ப மாலை பாதித் தாடையை மறைத்தது. தழும்பு தெரிந்தது.

ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். அண்ணாச்சி இங்கே முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். ஒவ்வொரு செட்டும் அந்தப் படிக்கட்டில் படம் எடுத்திருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரில், அலமாரியில், பழைய ஆல்பத்தில் பின்வரிசையில் காக்கிச் சட்டையோடு அவர் நின்றால், கழற்றி ஸ்கேன் செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள். 600 டி.பி.ஐ. போதும். எதையும் திருத்த வேண்டாம். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். பதினாலாம் நம்பரை நான் இன்னும் மூடாமல் வைத்திருக்கிறேன்.